மூழ்கும் நாடு என்று மட்டும் தெரிந்த கிரிபாஸ்

கேட்கப்பட்ட கேள்வி: "பசிபிக் கடலில் கிரிபாட்டி என்ற நாடு மூழ்கிக்கொண்டிருப்பதாக அடிக்கடிச் செய்தி வருகிறது. அதைத் தவிர அந்த நாட்டைப் பற்றி எதுவும் தெரியவில்லை. மண் எப்படிப்பட்டது, மக்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன உண்கிறார்கள்? உண்மையிலேயே மூழ்கத்தான் போகிறதா? ஒருமுறை போய்ப் பார்க்க முடியுமா?"

முதலில் பெயர். எழுத்தைப் பார்த்து நாம் கிரிபாட்டி என்றும் கிரிபாத்தி என்றும் படிக்கிறோம். அந்த நாட்டுக்காரர்கள் கிரிபாஸ் என்கிறார்கள். அவர்கள் மொழியை உரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். மொத்தமே 13 எழுத்துகள். 'ஸ' ஒலிக்கென்று தனி எழுத்து வைக்கவில்லை. 'டி' என்று எழுதியிருந்தால் 'ஸி' என்றோ வெறும் 'ஸ்' என்றோ படிக்க வேண்டும். 1788இல் தாமஸ் கில்பர்ட் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் இந்தத் தீவுகளைக் கடந்து போனார். அவர் பெயரால் இவை கில்பர்ட் தீவுகள் ஆயின. 'கில்பர்ட்ஸ்' உள்ளூர் நாக்கில் உருண்டு கிரிபாஸ் ஆயிற்று, நம்மூரில் ஸ்டேஷன் டேசன் ஆனதைப் போல. வரைபடத்தில் 'கிரிடிமாடி' என்று ஒரு தீவைக் கண்டால் அதைக் 'கிரிஸ்மாஸ்' என்று படிக்க வேண்டும். ஜேம்ஸ் குக் 1777இல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வந்து சேர்ந்த தீவு அது. நாட்டின் தலைவரை 'பெரெடிடெண்டி' என்று எழுதுவார்கள். அதே விதியைப் போட்டுப் படித்துப் பாருங்கள், பிரெசிடென்ட் வந்து நிற்பார்.

நான் சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிரிபாஸ் மாலுமிகளோடு இரண்டு ஒப்பந்தக் காலம் முழுவதும் ஒரே கப்பலில் இருந்திருக்கிறேன். ஜெர்மன் கப்பல் நிறுவனங்களின் துணையோடு அவர்கள் தலைநகர்ப் பகுதியில் 1967இல் தொடங்கிய மாலுமிப் பயிற்சி மையத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். அவர்கள் சொல்லக் கேட்டதும், பிறகு ஆர்வத்தில் தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தப் பதில்.

நாட்டின் நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு கிறிஸ்துமஸ் தீவு ஒன்றே. மீதி 32 தீவுகள் கடலில் சிதறிக் கிடக்கின்றன: மேற்கே கில்பர்ட் தீவுகள், நடுவே பீனிக்ஸ், கிழக்கே லைன் தீவுகள். ஆனால் அந்த நாட்டுக்குப் பொருளாதார உரிமையுள்ள கடற்பரப்பு சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவின் நிலப்பரப்பைவிடக் கொஞ்சம் கூடுதல். அதற்குள் வாழ்பவர்கள் சுமார் 1,20,000 பேர். தலைநகர் இருக்கும் தராவாவிலிருந்து கிறிஸ்துமஸ் தீவுக்கு 3,200 கிலோமீட்டருக்கும் மேல். பூமத்திய ரேகைக்கும் 180ஆம் தீர்க்கரேகைக்கும் இரு பக்கமும் தீவுகள் கிடப்பதால், பூமியின் நான்கு அரைக்கோளங்களிலும் நிலம் உள்ள நாடு இது ஒன்றுதான்.

இதனால் வந்த ஒரு வேடிக்கையைச் சொல்லிவிட்டுப் போகிறேன். சர்வதேச தேதிக் கோடு முன்பு நாட்டை நடுவில் பிளந்துகொண்டு ஓடியது. மேற்கே திங்கள் என்றால் கிழக்கே ஞாயிறு. இரண்டு பக்கத்து அலுவலகங்களும் ஒன்றோடொன்று பேச வாரத்தில் நான்கு நாள்தான் கிடைக்கும். 1995 பிறந்தபோது அரசு கோட்டையே கிழக்கே தள்ளிவிட்டது. இன்று கிறிஸ்துமஸ் தீவிலும் ஹவாயிலும் கடிகாரம் ஒரே மணியைக் காட்டும். நாட்காட்டி மட்டும் ஒரு நாள் வேறுபடும்.

பனாபா என்ற ஒரே ஒரு மேட்டுத் தீவைத் தவிர மற்றவை எல்லாம் பவளத்தீவுகள். எரிமலை ஒன்று கடலுக்குள் மெல்ல அமிழ, அதன் விளிம்பில் வளர்ந்த பவளப்பாறை மட்டும் வளையமாக மேலே நிற்கிறது. வளையத்துக்கு உள்ளே அமைதியான காயல், வெளியே பெருங்கடல், நடுவே நூல் போன்ற மண். பல இடங்களில் அகலம் சில நூறு மீட்டர்தான். இரவில் படுத்தால் ஒரு காதில் அலை இரையும், மறு காதில் காயல் சலசலக்கும் என்று என்னோடு வேலை பார்த்த ஒருவர் சொல்வார். கடல் மட்டத்திலிருந்து உயரம் இரண்டு மூன்று மீட்டர். ஆறு கிடையாது, ஓடை கிடையாது, குன்று கிடையாது. மண் என்பதும் பவளம் பொடிந்த மணல்தான். சத்தில்லாத சுண்ணாம்பு மண்.

அப்படியானால் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இந்த நாட்டைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். மழை நீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைந்தது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும், ஒரு கண்ணாடி வில்லையைப் போலத் தீவின் அடியில் அது நிற்கும். கடற்கரை மணலைக் கையால் தோண்டி ஊற்று நீர் குடித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அளவாக இறைத்தால் சுரந்துகொண்டே இருக்கும். பேராசைப்பட்டு இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். தீவு அகலமாக இருந்தால்தான் வில்லை தடிக்கும். ஒடுங்கிய தீவில் கிணறே நிலைக்காது.

பபாய் என்ற கிழங்கு இந்தத் தண்ணீரை நம்பியே வளர்கிறது. சேப்பங்கிழங்கின் இனம், ஆனால் இலை ஒன்றின் கீழ் ஆள் ஒதுங்கலாம். நிலத்தடி நீர் தென்படும் வரை பெரிய குழி வெட்டி, அதன் அடியில் நடுவார்கள். மண்ணில் சத்து இல்லாததால், அடியில்லாத ஓலைக்கூடை ஒன்றைச் செடியைச் சுற்றி வைத்து, இலை தழைகளை மக்க வைத்து ஊட்டுவார்கள். எந்த இலை, எந்தப் பருவம், எத்தனை முறை என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் கமுக்கம். தகப்பன் பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பான். கிழங்கை ஆண்டுக்கணக்கில் விட்டு வைத்து, திருமணத்துக்கோ பெரிய விருந்துக்கோ தோண்டுவார்கள். பாறையில் குழி வெட்டி, இலை பொறுக்கி மண் செய்து, அதில் ஒரு கிழங்கை விளைவிக்கும் உழைப்பைக் கற்பனை செய்து பாருங்கள். இவர்களைச் சோம்பேறித் தீவுவாசிகள் என்று எழுதிவைத்த பழைய கப்பல்காரர்கள் ஒரு பபாய்க் குழியையும் எட்டிப் பார்த்ததில்லை போலும்.

தென்னையைப் பற்றிச் சொன்னால் நமக்கு உடனே பிடிபடும். பாளை சீவிக் கலயம் கட்டிக் காலையும் மாலையும் இறக்குகிறார்கள். புளிக்காத பதநீர் கரேவே. அதைக் காய்ச்சிப் பாகாக்கினால் கமைமை, நம்முடைய பாணியேதான். புளிக்க விட்டால் கவொகியொகி, அதாவது கள். மூன்றுக்கும் மூன்று பெயர் வைத்திருக்கும் மொழியை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. காய்கறி அதிகம் விளையாத தீவுகளில் வைட்டமின் சி கிடைக்க கரேவேதான் வழி. சிறு குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள். மரத்தின் மேல் இருப்பவர் உரக்கப் பாடிக்கொண்டே சீவுவது வழக்கம். கீழே குளித்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கு "மேலே ஆள் இருக்கிறேன்" என்று அறிவிக்கத்தான் அந்தப் பாட்டு என்று ஒரு விளக்கம் உண்டு. பதநீர் நன்றாகச் சுரக்கப் பாடுகிறோம் என்பவர்களும் உண்டு.

தாழை இங்கே மணம் தரும் பூவுக்காக மதிக்கப்படுவதில்லை. அதன் பழம் உணவு, உலர்த்தி மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளும் சேமிப்பும்கூட. ஓலை கூரைக்கும் பாய்க்கும் பயன்படும். ஈரப்பலா உண்டு. மற்றபடி மீன், மீன், மீன். சூரை, பறவைக் கோலா, காயலில் பால்மீன், பாறை இடுக்கில் பேய்க்கணவாய். கோலாவை இருட்டில் தீப்பந்தம் காட்டிப் பிடிப்பார்கள். கப்பலில் எங்கள் சமையற்காரர் மீனைப் பொரித்துத் தந்தால், இவர்கள் தலைக்குத்தான் முதலில் கை நீட்டுவார்கள். இப்போது தராவாவில் நாள்தோறும் உண்பது இறக்குமதி அரிசி, மைதா, சர்க்கரை, டப்பாவில் அடைத்த இறைச்சி. நீரிழிவு பரவலாகிவிட்டது. நம் வீட்டுக் கதையும் ஏறத்தாழ இதுதான் என்பதால் நீட்டவில்லை.

மண்ணும் நீரும் இவ்வளவு ஒடுங்கிய இடத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு எப்படி வாழ்வது? அதற்கு அவர்கள் கண்ட விடை மனேயபா. ஒவ்வோர் ஊரிலும் உள்ள பொது மன்று அது. சுவர் கிடையாது, தாழை ஓலை வேய்ந்த மாபெரும் கூரை மட்டும். பழைய மனேயபாக்களில் பவளக்கல் தூண்கள் நிற்கும். ஓர் ஆணிகூட இல்லாமல் தேங்காய் நார்க் கயிற்றாலேயே முழுக் கட்டுமானத்தையும் பிணைத்திருப்பார்கள். கூரை விளிம்பு தாழ்வாக இருப்பதால் யாராக இருந்தாலும் குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். உள்ளே ஒவ்வொரு குலத்துக்கும் ஓர் இடம் உண்டு. எழுதும்போது 'போடி', சொல்லும்போது போசி. எந்தத் தூணுக்கும் எந்தத் தூணுக்கும் இடையில் உன் முன்னோர் உட்கார்ந்தார்களோ அங்கேதான் நீ உட்காரலாம். வேறு தீவுக்குப் போனாலும் தன் குலத்தின் போசியில் போய் உட்கார்ந்தால், பெயர் கேட்காமலே இவன் யாருக்கு உறவு என்று ஊர் தெரிந்துகொள்ளும். உனிமானே எனப்படும் முதியவர்கள் பேசி முடிப்பார்கள். வாக்கெடுப்பு கிடையாது, எல்லோரும் ஒப்பும்வரை பேச்சு நீளும், சில வேளை நாட்கணக்கில்.

நாடாளுமன்றத்துக்கும் இதே பெயர்தான்: மனேயபா நி மவுங்கடாபு. 'புனித மலையின் மன்று' என்று பொருள். குன்றுகூட இல்லாத நாட்டில் மலையா என்று கேட்காதீர்கள். அது முன்னோர் சமோவாவிலிருந்து வந்த பழங்கதையின் எச்சம்.

மன்றின் கூரைக்கு இன்னொரு பயனும் இருந்தது. தோணி செலுத்தும் கலையை இளைஞர்களுக்கு அங்கேதான் கற்பித்தார்கள். இரவு வானத்தை அவர்கள் ஒரு பெரிய கூரையாகவே பார்த்தார்கள். கைமரங்களும் குறுக்குச் சட்டங்களும் வானத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும். எந்த விண்மீன் எந்தக் கட்டத்தில் எழுந்து எதில் சாயும் என்று மனேயபாவுக்குள் மல்லாந்து படுத்துப் படிக்கலாம். ஆண்டையே இரண்டு விண்மீன்களால் பிரித்தார்கள்: நெய் அவுசி, ரிம்விமாட்டா. முன்னது நம் கார்த்திகை, பின்னது கேட்டை. கார்த்திகையைப் பெண்ணாகக் கருதினார்கள். 'நெய்' என்பது பெண்களின் பெயருக்கு முன் வரும் அடைமொழி. கார்த்திகைப் பெண்களை வணங்கும் ஊரிலிருந்து வந்த நான், பசிபிக் கடலின் நடுவே ஒருவர் அதே மீன் கூட்டத்தைக் காட்டி "அவள் எழுந்துவிட்டாள், மேற்குக் காற்று வரும்" என்றபோது கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். உடனே தொன்மைத் தொடர்பு ஏதோ இருப்பதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம். விமானத்தை அவர்கள் வானிகிபா என்கிறார்கள், அதில் நமக்கு 'வான்' கேட்கும். உண்மையில் 'வா' என்றால் தோணி, 'கிபா' என்றால் பறத்தல்; பறக்கும் தோணி. நாயை 'கமேயா' என்பார்கள். வெள்ளைக்காரர்கள் தங்கள் நாயை 'கம் ஹியர்' என்று அழைத்ததைக் கேட்டு, அதுதான் அந்த விலங்கின் பெயர் என்று எண்ணிக்கொண்டதால் வந்த சொல்லாம்.

இனி புபுசி. எழுத்தில் 'புபுடி'. உறவினரோ நெருங்கியவரோ உங்களிடம் உள்ள ஒரு பொருளை வாய்விட்டுக் கேட்டால் மறுக்கக் கூடாது. மறுத்தால் மானம் போகும். தோணி, சட்டை, மீன், சம்பளத்தில் ஒரு பங்கு, எதுவானாலும் சரி. கேட்டவரும் நாளை கொடுக்கக் கடமைப்பட்டவர். எதையும் நெடுங்காலம் சேர்த்து வைக்க முடியாத மண்ணில், இன்று மிகுதியாக மீன் பிடித்தவன் நாளை வெறுங்கையோடு வரக்கூடும் என்ற அறிவிலிருந்து பிறந்த ஏற்பாடு. பண்டமாற்றுக்குப் பொருந்தியது பணத்துக்குப் பொருந்தாமல் உறுத்துகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தராவாவில் சின்னக் கடை வைத்தவர் உறவினர் வந்து கேட்டே கடையைக் காலி செய்துவிடுவதுண்டு. கப்பல் சம்பளத்தோடு ஊருக்குப் போனவர் ஆறு மாதத்தில் கைச்செலவுக்கு இல்லாமல் அடுத்த ஒப்பந்தத்துக்கு வருவார். எனக்கும் நேர்ந்தது. வட கடல் குளிரில் நான் ஆசையாகப் போட்டிருந்த கம்பளிக் குல்லாவை என் சகா ஒருவர் "இதை எனக்குக் கொடுங்கள்" என்றார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குல்லா போயிற்று. இரண்டு மாதம் கழித்து, அவர் மனைவி பின்னிய தாழம்பாய் ஒன்று என் அறைக் கதவோரம் சுருட்டி வைத்திருந்தது. ஒரு சொல்லும் இல்லை.

ஆட்டத்தைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் இந்தப் பதில் அரைகுறைதான். பசிபிக் நடனம் என்றதும் இடுப்பை ஆட்டிச் சிரித்த முகத்தோடு வரவேற்கும் படம் நம் கண்ணில் வரும். இவர்கள் ஆட்டம் அதற்கு நேர்மாறு. ஆடும்போது சிரிப்பது மரபுப்படி பண்பற்ற செயல். கைகளை அகல விரித்து, தலையை வெடுக்கென்று திருப்பி, மறுபடி சிலையாக நிற்பார்கள். கொடியில் உதய சூரியனுக்கு மேலே பறக்கிறதே, அந்த ஃபிரிகேட் பறவையின் அசைவுதான் அது. இறகில் நீர் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கடல் மேலேயே வாழ்ந்தும் கடலில் இறங்க முடியாத பறவை. பின்னால் ஊரே அமர்ந்து பாடும். இசைக்கருவி கிடையாது, மரப்பெட்டியில் தட்டும் தாளமும் கைத்தட்டும்தான். பாட்டு மெல்லத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். உச்சத்தில் ஆடுபவர் உடல் நடுங்கி அழுவதும் உண்டு. பார்ப்பவர்கள் எழுந்து போய் அவர்கள் மேல் பவுடர் தூவுவார்கள், வாசனை தெளிப்பார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் டேவிட் கட்டோவாடவ் என்ற பளுதூக்கும் வீரர் எடையைக் கீழே போட்டுவிட்டு மேடையிலேயே ஆடியது உலகெங்கும் பரவியது. சிரிக்க வைக்கும் காட்சி என்று பலர் பகிர்ந்தார்கள். தன் நாட்டின் நிலையை உலகம் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே ஆடினேன் என்றார் அவர்.

வரலாற்றில் நான் நின்று சொல்ல விரும்புவது பனாபாவை. ஆறு சதுர கிலோமீட்டர் உள்ள மேட்டுத் தீவு. மழை பொய்த்தால் குடிநீர் 'பங்கபங்கா' எனப்படும் நிலத்தடிக் குகைகளில்தான். அவற்றுக்குள் ஊர்ந்து போய் நீர் எடுக்கப் பெண்களுக்கு மட்டுமே உரிமை. 1900ஆம் ஆண்டு ஆல்பர்ட் எல்லிஸ் என்ற நிறுவன ஊழியர் வந்து இறங்கினார். சிட்னி அலுவலகத்தில் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த ஒரு கல், உண்மையில் உரத்துக்கு உதவும் உயர்தரப் பாஸ்பேட் என்று கண்டுபிடித்தவர் அவர். பனாபா முழுவதும் அந்தக் கல்தான். ஆண்டுக்கு 50 பவுண்டு, 999 ஆண்டுக் குத்தகை என்று ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார். கையொப்பமிட்டவரை மன்னர் என்று எழுதிக்கொண்டார்கள். பனாபாவில் அப்படி ஒரு மன்னரே கிடையாது. அன்று தொடங்கி 1979 வரை வெட்டினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வயல்கள் செழித்தன. தீவின் மேல்மண் போய், கூர்மையான சுண்ணாம்புத் தூண்கள் மட்டும் நிற்கின்றன. நீர்க் குகைகளும் கெட்டன.

இடையில் போர். ஜப்பானியர் தீவைப் பிடித்தார்கள், மக்களைப் பிற தீவுகளுக்கு விரட்டினார்கள். போர் முடிந்ததும் ஆங்கிலேயர் அவர்களைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. 1945 டிசம்பரில் சுமார் ஆயிரம் பேரைக் கப்பலேற்றி, 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் ஃபிஜியின் ரம்பி தீவில் இறக்கினார்கள். அந்தத் தீவை வாங்கியது பனாபா மக்களின் சொந்தப் பாஸ்பேட் பணத்தில். இறங்கியபோது தங்கக் கூடாரங்கள்தாம். புயல் பருவம் வேறு. 1970களில் அவர்கள் லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். நீதிபதியே தீவுக்கு வந்து பார்த்தார். 1976இல் வந்த தீர்ப்பு அரசின் நடத்தையைக் கடிந்தது, ஆனால் சட்டப்படி அரசை ஈடு செய்ய வைக்கவில்லை. பிறகு கருணைத் தொகையாக ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்தார்கள். இன்றும் ரம்பி மக்களுக்குக் கிரிபாஸ் நாடாளுமன்றத்தில் ஓர் இடம் உண்டு. கடல் உயர்ந்து மக்கள் இடம்பெயரப் போகிறார்கள் என்று உலகம் பேசுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, தாங்கள் உண்டாக்காத காரணத்துக்காகத் தீவை விட்டுப் போனவர்கள் இவர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1943 நவம்பர் 20 முதல் மூன்று நாள் தராவாவின் பேசோ தீவில் நடந்த சண்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். ஜப்பானியத் தரப்பில் சுமார் 4,700 பேரில் உயிரோடு பிடிபட்டவர்கள் 17 ஜப்பானியரும் 129 கொரியத் தொழிலாளரும். துருப்பிடித்த பீரங்கிகளின் மேல் இன்று குழந்தைகள் ஏறி விளையாடுகிறார்கள். 1957, 1958இல் ஆங்கிலேயரும் 1962இல் அமெரிக்கரும் கிறிஸ்துமஸ் தீவுப் பக்கம் அணுகுண்டு சோதனை நடத்தினார்கள். 1979 ஜூலை 12 விடுதலை. முதல் தலைவர் இயெரெமியா தபாய்க்கு அப்போது வயது 29. நாட்டின் வருவாய் பெரும்பாலும் அயல்நாட்டுக் கப்பல்கள் சூரை பிடிக்கக் கட்டும் உரிமக் கட்டணத்திலிருந்து வருகிறது. பாஸ்பேட் பணத்தில் 1956இல் தொடங்கிய சேமிப்பு நிதி ஒன்றும் இருக்கிறது. வெட்டி எடுத்தவர்கள் விட்டுச் சென்றவற்றுள் உருப்படியானது அது ஒன்றுதான்.

இனி நீங்கள் கேட்ட 'மூழ்குமா'. பவளத்தீவு அசையாத பாறை அல்ல. அலை ஒரு கரையைத் தின்று மறு கரையில் மணலைக் கொட்டும். பழைய வான்படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், பசிபிக் பவளத்தீவுகளில் பலவற்றின் பரப்பு குறையவில்லை, சில வளர்ந்தும் இருக்கின்றன என்று காட்டியிருக்கிறார்கள். இதைப் பிடித்துக்கொண்டு "எல்லாம் பொய்" என்று கிளம்புகிறவர்கள் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். ஒரு தீவு வாழத் தகாததாவதற்கு அது கடலுக்கடியில் போக வேண்டியதில்லை. பெரும் ஓதத்தோடு புயலலை சேர்ந்து ஒருமுறை கரையைத் தாண்டி உள்ளே வந்தால் போதும். கிணறு உப்பாகும், பபாய் அழுகும், குழி மறுபடி நல்ல நிலைக்கு வர ஆண்டுகள் ஆகும். அபையாங் தீவில் டெபுங்கினாக்கோ என்ற ஊர் இப்படித்தான் பின்வாங்கி இடம் மாறியது.

வறட்சி இன்னொரு பக்கம். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா ஆண்டுகளில் மாதக்கணக்கில் மழை இராது. 2022இல் அரசு பேரிடர் அறிவிக்க நேர்ந்தது. இவற்றோடு நெரிசல். நாட்டின் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தெற்குத் தராவாவின் ஒடுங்கிய பட்டையில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். பேசோவில் ஒன்றரைச் சதுர கிலோமீட்டர் அளவில் 17,000 பேருக்கு மேல். கழிவறையும் பன்றிப் பட்டியும் கல்லறையும் கிணறும் பக்கத்துப் பக்கத்தில். வில்லை நீர் அங்கே குடிக்கத் தகுதியை இழந்து நாளாகிவிட்டது. பொன்ரிகிப் பக்கம் ஒதுக்கி வைத்த நிலத்திலிருந்து குழாயில் வருகிறது, அதுவும் நாள் முழுவதும் இல்லை. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. கடல் மட்டம் உயர்வதை மட்டும் படம் பிடிக்க வரும் தொலைக்காட்சிக்காரர்கள் இந்தக் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

தலைவர்களுக்குள்ளும் கருத்து ஒன்றல்ல. 2003 முதல் 2016 வரை தலைவராக இருந்த அனோட்டே டோங், மானத்தோடு இடம்பெயர மக்களை ஆயத்தப்படுத்த வேண்டும் என்றார். 2014இல் ஃபிஜியில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் நிலத்தை வாங்கினார். பிறகு வந்த டனேட்டி மாமாவ் அந்தப் பேச்சைத் தள்ளி வைத்து, நிலத்தை மேடாக்கி இங்கேயே இருப்போம் என்கிறார். என் சகாக்களில் பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டபோது, "ஃபிஜியில் எங்கள் போசி எங்கே இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்டார். நியூசிலாந்து ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் 75 பேருக்கு அங்கே நிரந்தரமாகத் தங்கும் வாய்ப்பு வைத்திருக்கிறது. இளைஞர்கள் விண்ணப்பிக்கத்தான் செய்கிறார்கள்.

போய்ப் பார்க்க முடியுமா? முடியும். ஃபிஜியின் நாடியிலிருந்து தராவாவுக்கு மூன்று மணி நேர விமானப் பயணம். சேவை வாரத்தில் எல்லா நாளும் இராது. திரும்பும் தேதியில் ஓரிரு நாள் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். செலாவணி ஆஸ்திரேலிய டாலர். பார்ப்பவர்களிடம் "மௌரி" என்று சொல்லுங்கள். வணக்கத்துக்கும் நலமா என்பதற்கும் அந்த ஒரு சொல் போதும். தெற்குத் தராவாவை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் குப்பையும் நெரிசலும்தான் நினைவில் நிற்கும். படகு பிடித்து வடக்குத் தராவாவுக்கோ அபையாங்குக்கோ போய் இரண்டு இரவு தங்குங்கள். மனேயபாவுக்குள் குனிந்து நுழையுங்கள், காட்டிய இடத்தில் சம்மணமிட்டு உட்காருங்கள், காலை யாரை நோக்கியும் நீட்ட வேண்டாம். இளநீர் வரும், உணவு வரும், முதியவர் ஒருவர் நீளமாகப் பேசுவார், உங்களையும் பேசச் சொல்வார்கள். கடைசியில் யாராவது ஒரு பாட்டி எழுந்து வந்து கையைப் பிடித்து ஆட அழைப்பார். ஆட வராது என்று சொல்லிப் பாருங்கள். அது புபுசி என்பார்.